கணினிக்குக் கணினி கோப்புகளை ஒத்திசைத்தல்: ஆர்சிங்க் கருவியின் தத்துவமும் உபயோகமும்

தொலைவிலுள்ள நிலையங்களில் பணிபுரிவோர் நாள்தோறும் எடுக்கும் அளவுகள், அதாவது மழை, கிணற்று நீர்மட்டம், மண்ணின் ஈரம், பயிரின் வளர்ச்சி போன்றவை, இன்று பெரும்பாலும் கணினியிலேயே பதிவாகின்றன. முன்பு பதிவேட்டின் பிரதியைத் தபாலில் அனுப்பியவர்கள், இப்பொழுது கோப்பின் பிரதியைத் தொலைத்தொடர்பு வழியே தலைமை நிலையத்துக்கு அனுப்புகின்றனர். வேலை எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. எனினும் காகிதப் பதிவேட்டில் இல்லாத ஓர் அபாயமும் இதனுடன் வந்து சேர்ந்தது. காகிதப் பிரதிகள் இரண்டும் தனித்தனியே இருந்தன. ஒன்றின் மீது மை கொட்டினால் மற்றொன்று கறைபடுவதில்லை. கணினியிலோ ஒரே கட்டளை இரு பிரதிகளையும் சில நொடிகளில் ஒன்றுபோல் ஆக்கிவிடும். சரியான திசையில் ஆக்கினால் இரு இடங்களிலும் முழுமையான பதிவு கிடைக்கும். தவறான திசையில் ஆக்கினால் பல ஆண்டுகளின் அளவுகள் இரு இடங்களிலும் ஒருங்கே அழிந்துபோகும். ஆகவே, ஒத்திசைக்கும் கருவியைக் கையாள்வோர் அதன் கட்டளையை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. அது என்ன செய்கிறது என்பதையும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

இத்தகைய கருவிகளுள் மிகப் பரவலாக உபயோகத்திலிருப்பது ஆர்சிங்க் என்பதாகும். ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகிய இருவரும் இதன் வழிமுறையை 1996-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் அறிக்கையாக வெளியிட்டனர். டிரிட்ஜெல் அவர்கள் 1999-இல் சமர்ப்பித்த டாக்டர் பட்ட ஆராய்ச்சி நூலிலும் இவ்வழிமுறை விரிவாக விளக்கப்பட்டுள்ளது. விண்டோஸ் கணினிகளும் யூனிக்ஸ் வகைக் கணினிகளும் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பா என்னும் மென்பொருளைத் தொடங்கியவரும் இவரே. ஆர்சிங்க் கருவி விலையின்றிக் கிடைப்பது. அதன் மூல நிரலை எவரும் பார்வையிடலாம், திருத்தலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் விநியோகங்களை உலகெங்கும் பல இடங்களில் பிரதி செய்து வைப்பதற்கும், புரதங்களின் கட்டமைப்பைத் தொகுத்து வைக்கும் சர்வதேசத் தரவு வங்கியின் கோப்புகளை ஆராய்ச்சியாளர்கள் பெறுவதற்கும் இக்கருவி பயன்பட்டு வந்துள்ளது.

தீர்க்கப்பட்ட புதிர் யாது?

100 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பு நிலையத்திலும் தலைமை அலுவலகத்திலும் உள்ளது என்று வைத்துக்கொள்ளலாம். நிலையத்தில் இருப்பது புதியது. அலுவலகத்தில் இருப்பது நேற்றையது. இரண்டுக்குமிடையே வேறுபாடு சில வரிகளே. வினாடிக்கு 256 கிலோபிட் செல்லும் மெதுவான இணைப்பில் முழுக் கோப்பையும் அனுப்பினால் ஏறத்தாழ 52 நிமிடங்கள் பிடிக்கும். சில வரிகளுக்காக இவ்வளவு நேரமா என்று கேட்பது நியாயமே. வேறுபட்ட வரிகளை மட்டும் அனுப்பினால் ஒரு நொடியில் முடியும். ஆனால் எவை வேறுபட்ட வரிகள் என்று எவ்வாறு அறிவது? இரு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டாலன்றி வேறுபாடு தெரியாது. ஒன்றை மற்றொன்று இருக்கும் இடத்துக்குக் கொண்டு சென்றாலோ, மிச்சப்படுத்த நினைத்த 52 நிமிடங்களும் அப்பொழுதே செலவாகிவிடும். இப்புதிரைத்தான் கான்பெரா விஞ்ஞானிகள் இருவரும் தீர்த்தனர்.

அவர்கள் கண்ட வழி வருமாறு. கோப்பைப் பெறவிருக்கும் கணினி, தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடுகிறது. துண்டுகளை அனுப்பாமல் தொகைகளை மட்டும் அனுப்புகிறது. அனுப்பும் கணினி, தன்னிடமுள்ள புதிய கோப்பில் அதே தொகையைத் தரும் பகுதிகள் எங்கெங்கே உள்ளன என்று தேடுகிறது. கண்ட இடத்தில் 'உன்னிடமுள்ள இத்தனையாவது துண்டை இங்கே வை' என்று எழுதுகிறது. காணாத இடத்தில் உள்ள எழுத்துக்களை அப்படியே எழுதுகிறது. இந்தக் குறிப்பைக் கொண்டு, பெறும் கணினி புதிய கோப்பைக் கட்டி முடிக்கிறது.

இதில் நுட்பமான பகுதி தேடுதலேயாகும். புதிய கோப்பையும் அதே அளவுத் துண்டுகளாகப் பிரித்து வரிசையாக ஒப்பிட்டால் போதாதா என்று மாணவர் கேட்கக்கூடும். போதாது. கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்து நுழைந்தாலும் அதன்பின் உள்ள எல்லாத் துண்டுகளின் எல்லைகளும் ஓரிடம் தள்ளிப்போகும். ஒரு துண்டுகூட ஒத்துவராது. ஆகவே அனுப்பும் கணினி, புதிய கோப்பின் ஒவ்வோர் எழுத்திலிருந்தும் தொடங்கும் துண்டின் தொகையைப் பார்க்க வேண்டியதாகிறது. 100 மெகாபைட் கோப்பில் அத்தகைய தொடக்கங்கள் ஏறக்குறைய பத்துக் கோடி. ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து கூட்டினால் கணினியும் களைத்துப் போகும். இதற்காகவே உருளும் தொகை என்னும் உபாயம் கையாளப்பட்டது.

உருளும் தொகை

வகுப்பறையில் கரும்பலகையிலேயே இதைச் செய்து காட்டலாம். அலுவலகத்திலுள்ள பழைய கோப்பில் பன்னிரண்டு எண்கள் இருப்பதாகக் கொள்க: 7, 3, 5, 2, 8, 1, 6, 4, 9, 2, 2, 5. நான்கு எண்கள் கொண்ட மூன்று துண்டுகளாக இது பிரிகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு தொகைகள் காணவேண்டும். முதல் தொகை எண்களை வெறுமனே கூட்டினால் வருவது. இரண்டாம் தொகை, முதல் எண்ணை 4-ஆலும், அடுத்ததை 3-ஆலும், அதற்கடுத்ததை 2-ஆலும், கடைசி எண்ணை 1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் வருவது.

முதல் துண்டாகிய 7, 3, 5, 2 என்பதற்கு முதல் தொகை 17. இரண்டாம் தொகை 28, 9, 10, 2 ஆகியவற்றின் கூட்டலாகிய 49. இரண்டாம் துண்டாகிய 8, 1, 6, 4 என்பதற்குத் தொகைகள் 19, 51. மூன்றாம் துண்டாகிய 9, 2, 2, 5 என்பதற்கு 18, 51. கடைசி இரண்டு துண்டுகளுக்கும் இரண்டாம் தொகை 51 என்றே தற்செயலாக அமைந்திருப்பதைக் கூர்மையான மாணவர் கவனிப்பார். முதல் தொகைகள் வேறுபடுவதால் இவ்விரண்டும் குழம்புவதில்லை. அவ்வாறே 3, 7, 5, 2 என்று எண்கள் இடம் மாறினால் முதல் தொகை 17 என்றே இருக்கும். இரண்டாம் தொகை 45 ஆகிவிடும். வரிசை மாறியதை அது காட்டிக்கொடுக்கிறது. இரண்டு தொகைகள் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

இனி, நிலையத்திலுள்ள புதிய கோப்பின் தொடக்கத்தில் 6 என்ற ஓர் எண் சேர்ந்துள்ளது: 6, 7, 3, 5, 2, 8, 1, 6, 4, 9, 2, 2, 5. முதல் நான்கு எண்களாகிய 6, 7, 3, 5 ஆகியவற்றின் தொகைகள் 21, 56. அலுவலகம் அனுப்பிய பட்டியலில் இவை இல்லை. ஆகவே சாளரம் ஓரிடம் நகர்கிறது. 6 வெளியேறுகிறது, 2 உள்ளே வருகிறது. புதிய முதல் தொகையைக் காண மீண்டும் நான்கு எண்களையும் கூட்ட வேண்டியதில்லை. பழைய 21-லிருந்து 6-ஐக் கழித்து 2-ஐக் கூட்டினால் 17 வந்துவிடுகிறது. இரண்டாம் தொகைக்குப் பழைய 56-லிருந்து, வெளியேறிய எண்ணின் நான்கு மடங்காகிய 24-ஐக் கழித்து, புதிய முதல் தொகையாகிய 17-ஐக் கூட்டவேண்டும், 49 கிடைக்கிறது. 17, 49 என்பது பட்டியலிலுள்ள முதல் துண்டன்றோ! அதன்பின் சாளரம் நான்கு இடங்கள் தாண்டி 8, 1, 6, 4 என்பதில் நிற்கிறது. அதுவும் ஒத்துவருகிறது, அதற்கடுத்ததும் அவ்வாறே. முடிவில் நிலையம் அனுப்பவேண்டிய செய்தி, '6 என்ற எண், பிறகு முதல் துண்டு, இரண்டாம் துண்டு, மூன்றாம் துண்டு' என்பதுதான். பதின்மூன்று எண்களில் ஓர் எண் மட்டுமே பயணம் செய்தது.

துண்டின் நீளம் நான்காயினும் நாலாயிரமாயினும், சாளரத்தை ஓரிடம் நகர்த்துவதற்கு வேண்டிய வேலை ஒன்றே என்பதில்தான் இவ்வுபாயத்தின் சிறப்பு அடங்கியுள்ளது. உண்மையில் கருவி கையாளும் தொகைகள் ஒவ்வொன்றும் 16 பிட் எல்லைக்குள் சுருக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து 32 பிட் கொண்ட ஒரே தொகையாகின்றன. மார்க் அட்லர் என்பவர் வகுத்த சரிபார்ப்புத் தொகையை முன்மாதிரியாகக் கொண்டு இது அமைக்கப்பட்டது.

இத்தொகை விரைவானது, ஆனால் முற்றிலும் நம்பத்தக்கதன்று. வேறுபட்ட இரு துண்டுகள் ஒரே தொகையைத் தரக்கூடும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் வலிமைமிக்க இன்னொரு தொகையும் கூடவே அனுப்பப்படுகிறது. தொடக்கத்தில் இதற்கு எம்.டி.4 என்னும் 128 பிட் முறை பயன்பட்டது. 2008-இல் வெளிவந்த 3.0 பதிப்பில் எம்.டி.5 அதன் இடத்தைப் பெற்றது. 2020-இல் வந்த 3.2 பதிப்பில் இன்னும் விரைவான முறைகள் சேர்க்கப்பட்டன. விரைவான தொகை ஒத்துவந்தால் மட்டுமே வலிமையான தொகை கணக்கிடப்படும். இதற்கும் மேலாக, கோப்பு கட்டி முடிந்ததும் முழுக் கோப்புக்கும் ஒரு தொகை சரிபார்க்கப்படுகிறது. அது தவறினால் அக்கோப்பு மறுபடியும் அனுப்பப்படும்.

துண்டின் நீளம் ஏறத்தாழக் கோப்பின் அளவுக்கு வர்க்கமூலமாக அமையும். சிறிய கோப்புகளுக்கு 700 பைட்டுக்குக் குறைவதில்லை. முன்கூறிய 100 மெகாபைட் கோப்பில் 10,000 பைட் கொண்ட 10,000 துண்டுகள் ஆகும். துண்டுக்கு 20 பைட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் தொகைகளின் பட்டியல் 2 லட்சம் பைட்டைத் தாண்டாது. அதே மெதுவான இணைப்பில் இதற்கு வேண்டியது 6 நொடிகளுக்குச் சற்று அதிகம். 52 நிமிடங்கள் அன்று.

எந்தக் கோப்புக்கும் இந்த லாபம் கிட்டும் என்று எண்ணிவிடலாகாது. சுருக்கப்பட்ட கோப்புகளில், அதாவது ஜிப் கோப்புகள், ஜேபெக் படங்கள் முதலியவற்றில், முன்பகுதியில் நேரும் சிறு மாற்றம் பின்பகுதி முழுவதையும் மாற்றிவிடுகிறது. ஒத்த துண்டுகள் எஞ்சுவதில்லை. எக்செல், வேர்டு ஆகியவற்றின் தற்காலக் கோப்புகளும் உள்ளூர ஜிப் கோப்புகளே. ஆகவே நாள்தோறும் வளரும் அளவுகளை எக்செல் கோப்பாக வைப்பதைவிட, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சி.எஸ்.வி. வகை எளிய எழுத்துக் கோப்பாக வைப்பது மெதுவான இணைப்புள்ள நிலையங்களுக்குப் பெரிதும் அனுகூலமாகும். மற்றொன்று: ஒரே கணினிக்குள் ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்குப் பிரதி செய்கையில் கருவி இத்தேடுதலைச் செய்வதேயில்லை, முழுக் கோப்பையும் எழுதிவிடுகிறது. அங்கே ஒப்பிடுவதற்கே அதிக நேரமாகும்.

கட்டளையின் அமைப்பு

கட்டளை வரியில் முதலில் கருவியின் பெயரை, ஆர், எஸ், ஒய், என், சி என்னும் ஐந்து சிறிய ஆங்கில எழுத்துக்களாகத் தட்ட வேண்டும். பிறகு ஓர் இடைவெளி விட்டு, சிறு கோட்டுடன் கூடிய குறி எழுத்துக்கள், பிறகு மூலம், கடைசியில் சேருமிடம். முதலில் எழுதப்படுவதிலிருந்து கடைசியில் எழுதப்படுவதற்கே கோப்புகள் செல்லும். இந்த வரிசை எக்காலத்தும் மாறாது.

குறி எழுத்துக்களுள் தலையாயது 'ஏ' என்பது. இதை இட்டால் உட்கோப்புறைகள் யாவும் பிரதியாகும். கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம், அனுமதிகள், உடைமையாளர் முதலிய விவரங்களும் கூடவே காக்கப்படும். இவற்றுள் நேரம் மிக முக்கியமானது. ஏனெனில் இக்கருவி, ஒரு கோப்பை அனுப்பவேண்டுமா என்று தீர்மானிப்பதற்கு முதலில் அதன் அளவையும் மாற்றப்பட்ட நேரத்தையும் மட்டுமே பார்க்கிறது. இரண்டும் ஒத்திருந்தால் உள்ளடக்கத்தைத் திறந்தும் பாராமல் விட்டுவிடும். நேரத்தைக் காக்கும் குறியை விட்டுவிட்டால், சேருமிடத்திலுள்ள பிரதிகள் யாவும் பிரதி செய்த நேரத்தையே தாங்கி நிற்கும். அடுத்த முறை எல்லாக் கோப்புகளும் மாறியவைபோல் தோன்றி, ஒப்பிடும் வேலை முழுவதும் மறுபடி நடைபெறும். 'ஆர்சிங்க் ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் அனுப்புகிறது' என்னும் புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அளவும் நேரமும் ஒத்திருந்தும் உள்ளடக்கம் வேறுபடுதல் அரிதே. ஆனால் வட்டில் கோளாறு ஏற்பட்டால் நிகழக்கூடும். இரு சிறு கோடுகளுக்குப்பின் 'செக்சம்' என்னும் ஆங்கிலச் சொல்லை இட்டால், கருவி இரு பக்கமும் எல்லாக் கோப்புகளையும் முழுமையாகப் படித்து ஒப்பிடும். இது மெதுவானது, மாதம் ஒரு முறை செய்தால் போதும்.

'வி' என்னும் எழுத்து நடைபெறுவதைத் திரையில் காட்டுகிறது. 'இஸட்' என்பது வழியில் சுருக்கி அனுப்புகிறது. எழுத்துக் கோப்புகளுக்கு நன்று, படங்களுக்கு வீண். பெரிய எழுத்தாகிய 'பி' அறுந்துபோகும் இணைப்புகளுக்கு உரியது. பொதுவாக இக்கருவி, வந்துகொண்டிருக்கும் கோப்பைப் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைபெயரில் எழுதி, முழுவதும் முடிந்தபின்பே உரிய பெயருக்கு மாற்றுகிறது. இதனால் பாதிக் கோப்பு ஒன்று பழைய நல்ல கோப்பின் மேல் எழுதப்படுவதில்லை. ஆனால் இணைப்பு அறுந்தால் அந்தப் பாதியும் நீக்கப்படும். பெரிய 'பி' இட்டால் அது காக்கப்பட்டு, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர உதவும். எவ்வளவு சென்றுள்ளது என்பதும் திரையில் தெரியும்.

தொலைவிலுள்ள கணினியைக் குறிப்பதற்கு, அங்குள்ள பயனர் பெயர், அட் குறி, கணினியின் பெயர், முக்காற்புள்ளி, கோப்புறையின் பாதை ஆகியவற்றை இடைவெளியின்றி எழுத வேண்டும். 2004-இல் வெளிவந்த 2.6 பதிப்பு முதல், எஸ்.எஸ்.ஹெச். என்னும் மறைகுறியிட்ட பாதுகாப்பான இணைப்பே இயல்பாக உபயோகிக்கப்படுகிறது. இரு கணினிகளிலும் ஆர்சிங்க் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். முக்காற்புள்ளியை மறந்தால் கருவி பிழை என்று சொல்லாது. பயனர் பெயரும் கணினிப் பெயரும் கொண்ட ஒரு புதிய கோப்புறையைத் தன் கணினியிலேயே உண்டாக்கி அதில் பிரதி செய்துவிடும். வேலை முடிந்ததென்று திரை காட்டும். தலைமை அலுவலகத்துக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திராது.

இறுதிச் சாய்கோடு ஒன்றும் குழப்பத்துக்கு இடமாவது. 'மழை' என்னும் கோப்புறையை மூலமாக எழுதி, அதன் பின் சாய்கோடு இடாவிட்டால், சேருமிடத்தில் 'மழை' என்னும் கோப்புறையே போய் அமரும். சாய்கோடு இட்டால், கோப்புறைக்குள் இருப்பவை மட்டும் அங்கே போய் விழும். ஒரு நாள் சாய்கோட்டுடனும் மறுநாள் சாய்கோடின்றியும் எழுதுவோர், 'மழை'க்குள் இன்னொரு 'மழை' இருப்பதைக் கண்டு திகைப்பர். சேருமிடத்தின் பின் இடும் சாய்கோட்டுக்கு இவ்வேறுபாடு இல்லை.

நீக்கும் குறியும் அதன் அபாயமும்

மூலத்தில் இல்லாத கோப்புகள் சேருமிடத்தில் இருந்தால் கருவி அவற்றைத் தொடுவதில்லை. நிலையத்தில் பெயர் மாற்றிய கோப்பு அலுவலகத்தில் பழைய பெயரிலும் புதிய பெயரிலுமாக இரண்டு இடத்தில் இருக்கும். இதைத் தவிர்க்க, இரு சிறு கோடுகளுடன் 'டெலீட்' என்னும் சொல்லை இடுவது வழக்கம். அப்போது மூலத்தில் இல்லாதவை யாவும் சேருமிடத்திலிருந்து நீக்கப்படும். குப்பைத் தொட்டிக்குச் செல்லும் நீக்கம் அன்று இது, மீட்க வழியில்லை.

இரண்டு நிலைமைகளில் இது பேரிழப்புக்குக் காரணமாகிறது. முதலாவது, திசை மாறுதல். களப் பணியாளர் ஒருவருக்குப் புதிய மடிக்கணினி தரப்படுகிறது என்று கொள்ளலாம். அதில் பதிவுக் கோப்புறை காலியாக உள்ளது. அலுவலகப் பிரதியிலிருந்து அதை நிரப்ப வேண்டும்; ஆனால் அவர் நாள்தோறும் தட்டிய கட்டளையையே பழக்கத்தால் தட்டுகிறார். மூலம் காலியான கோப்புறை. சேருமிடம் அலுவலகத்தின் முழுமையான பதிவு. கருவி தனக்கிட்ட பணியைப் பழுதின்றிச் செய்கிறது: அலுவலகத்திலும் கோப்புறை காலியாகிறது. இரண்டாவது, வெளி வட்டு இணையாதிருத்தல். மூலம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்து, அது அன்று செருகப்படாமலிருந்தால், லினக்ஸ் கணினியில் அதன் இடத்தில் காலியான ஒரு கோப்புறை மட்டுமே காணப்படும். இரவில் தானாக ஓடும் கட்டளை, அந்தக் காலியையே மூலமாக ஏற்றுக்கொள்ளும்.

மூலத்தைப் படிப்பதில் பிழை நேர்ந்தால் கருவி நீக்குதலைத் தானாகவே நிறுத்திக்கொள்கிறது. ஆனால் காலியான கோப்புறையைப் படிப்பது பிழையன்று. ஆகவே பாதுகாப்பைப் பணியாளரே அமைத்துக்கொள்ள வேண்டும். 'என்' என்னும் எழுத்துக் குறியை இட்டால் கருவி ஒத்திகை மட்டுமே நடத்தும். எதையும் எழுதாது, நீக்காது. அதனுடன் 'வி' குறியும் இருந்தால், நீக்கப்படவிருக்கும் ஒவ்வொரு கோப்பும் 'டெலீட்டிங்' என்ற சொல்லுடன் ஒரு வரியாகத் தோன்றும். அவ்வரிகளை ஒருமுறை படித்துப் பார்த்தபின் 'என்' எழுத்தை நீக்கிவிட்டு அதே கட்டளையை ஓட்டலாம். மனிதர் எவரும் பார்க்காமல் இரவில் ஓடும் கட்டளைக்கு, 'மேக்ஸ் டெலீட்' என்னும் குறியை நடுவில் சிறு கோட்டுடன் எழுதி, சமக்குறிக்குப் பின் 20 என்பதுபோல் ஓர் எண்ணை இடலாம். அந்த எண்ணிக்கைக்கு மேல் நீக்கம் நடைபெறாது.

இவ்வளவு செய்தாலும் ஒத்திசைத்தல் காப்புப் பிரதிக்கு ஈடாகாது என்பதை வற்புறுத்திச் சொல்லவேண்டும். நிலையத்தில் ஒரு கோப்பு கெட்டுவிட்டால், அன்றிரவே அக்கேடு அலுவலகத்தின் நல்ல பிரதியின் மேல் எழுதப்படும். இதற்கும் கருவியிலேயே வழி உண்டு. 'பேக்கப்' என்னும் குறியையும், 'பேக்கப் டிர்' என்னும் குறியுடன் அன்றைய தேதியுள்ள ஒரு கோப்புறையின் பெயரையும் இட்டால், மாற்றப்படும் கோப்பின் பழைய வடிவமும் நீக்கப்படும் கோப்பும் அந்தக் கோப்புறையில் போய்ச் சேரும். 'லிங்க் டெஸ்ட்' என்னும் வேறொரு குறியால் ஒவ்வொரு நாளுக்கும் முழுமையான தனிக் கோப்புறையே உண்டாக்கலாம். மாறாத கோப்புகள் முந்தைய நாளின் கோப்புடன் பிணைக்கப்படுவதால் வட்டில் புதிதாக இடம் பிடிப்பதில்லை. ஆனால் இவ்வாறு பிணைந்த கோப்புகள் உண்மையில் ஒரே கோப்புதான். வட்டின் அப்பகுதி கெட்டால் எல்லா நாட்களின் பிரதியும் ஒருசேரக் கெடும். ஆகவே இரண்டாவது வட்டு ஒன்று வேண்டாமென்று ஆகிவிடாது.

ஒரே கோப்பை இருவர் இரு இடங்களில் திருத்தும் வழக்கமுள்ள அலுவலகங்களுக்கு ஆர்சிங்க் பொருந்தாது. அது ஒரு திசைக் கருவி; இரு திருத்தங்களையும் சேர்க்கும் ஆற்றல் அதற்கில்லை. அத்தேவைக்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் அவர்களின் முயற்சியில் உருவான யூனிசன் என்னும் கருவி உள்ளது. இரு பக்கமும் மாறிய கோப்புகளை அது தனியே காட்டி, எதைக் கொள்வது என்று கேட்கும்.

பென் டிரைவும் தமிழ்ப் பெயர்களும்

பள்ளிகளிலும் களத்திலும் பென் டிரைவிலேயே பிரதி செய்ய நேர்கிறது. அவற்றுள் பல ஃபேட் என்னும் பழைய கோப்பு முறையில் அமைந்தவை. அம்முறை, கோப்பு மாற்றப்பட்ட நேரத்தை இரட்டைப்படை வினாடிகளாக மட்டுமே குறித்துவைக்கும். 10 மணி 15 நிமிடம் 7 வினாடி என்று கணினியில் இருப்பது பென் டிரைவில் 6 அல்லது 8 வினாடி என்று ஆகிவிடும். நேரம் ஒத்துவராததால் கருவி அக்கோப்பை மாறியதாகக் கருதி ஒவ்வொரு முறையும் மறுபடி எழுதும். 'மாடிஃபை விண்டோ' என்னும் குறிக்குச் சமக்குறியிட்டு 1 என்று எழுதினால், ஒரு வினாடி வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ஃபேட் முறையில் உடைமையாளர் விவரத்தைக் குறிக்க இடமில்லையாதலால், 'ஏ' குறிக்குப் பதிலாக 'ஆர்', 'டி' என்னும் இரு எழுத்துக்களை மட்டும் இட்டால் வீண் பிழைச் செய்திகள் தோன்றா. ஆர் என்பது உட்கோப்புறைகளுக்கும், டி என்பது நேரத்துக்கும் உரியவை.

கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுவோர் அறியவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 'கொ', 'கோ', 'கௌ' ஆகிய எழுத்துக்களிலுள்ள உயிர்க்குறியை யூனிகோடு முறையில் இருவிதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னே வரும் கொம்பும் பின்னே வரும் பகுதியுமாகப் பிரித்து இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஆப்பிள் கணினிகளின் பழைய ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்தே வைக்கும். லினக்ஸ் கணினியோ கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். 'கொடைக்கானல்' என்னும் பெயருள்ள கோப்பு ஒன்று லினக்ஸிலிருந்து அத்தகைய ஆப்பிள் கணினிக்குச் சென்று திரும்பினால், பட்டியலில் 'கொடைக்கானல்' என்று இரண்டு கோப்புகள் அருகருகே நிற்பதைக் காணலாம். நீக்கும் குறியும் சேர்ந்திருந்தால் இவற்றுள் பழையது மறைந்துவிடும். 'ஐகான்வ்' என்னும் குறியால் இரு பக்கத்தின் எழுத்து முறைகளையும் கருவிக்கு அறிவிக்கலாம். அல்லது இரு எழுத்து முறைகளுக்கும் பொதுவான எண்களையும் ஆங்கில எழுத்துக்களையும் கோப்பின் பெயராக வைத்து, தமிழ்ப் பெயரைக் கோப்பின் உள்ளே முதல் வரியில் எழுதலாம். பின்னதே தொல்லையற்றது.

ஓட்டி முடித்தபின்

கட்டளை முடிந்தவுடன், எக்கோ என்னும் ஆங்கிலச் சொல்லையும் ஓர் இடைவெளிக்குப்பின் டாலர் குறியையும் வினாக்குறியையும் சேர்த்துத் தட்டினால், கருவி விட்டுச்சென்ற முடிவு எண் திரையில் தோன்றும். பணிக் குறிப்பேட்டில் தேதிக்கு எதிரே இந்த எண்ணையும் எழுதி வைப்பது நல்ல வழக்கம். 'அனுப்பப்பட்டது' என்று மட்டும் எழுதுவதைவிட இது பயனுள்ளது. கருவியின் பதிப்பு எண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நலம். 2025 ஜனவரியில் வெளிவந்த 3.4.0 பதிப்பில் ஆறு பாதுகாப்புக் குறைகள் நீக்கப்பட்டன. அவற்றுள் மிகக் கடுமையானது, எஸ்.எஸ்.ஹெச். வழியாக அன்றி 873 என்னும் வாயிலில் நேரடியாகக் கோப்புகளை வழங்கும் கணினிகளைப் பாதிப்பதாகும்.

முடிவு எண் 0 என்பது யாவும் நன்கு முடிந்ததைக் குறிக்கும். 12 என்றால் இருவருக்குமிடையே உரையாடல் நடுவில் முறிந்தது. பெரும்பாலும் இணைப்பே காரணம். 30 என்றால் குறித்த நேரம் வரையில் மறுமொழி வரவில்லை. 25 என்றால் நீக்குவதற்கு வைத்த உச்ச வரம்பு எட்டப்பட்டது. மறுபடி ஓட்டுவதற்குமுன் மூலக் கோப்புறையைத் திறந்து பார்க்க வேண்டும். 23 என்றால் சில கோப்புகள் செல்லவில்லை. அனுமதியின்மையோ வட்டின் கோளாறோ இருக்கலாம், திரையிலுள்ள செய்திகளைப் படித்தறிய வேண்டும். 24 என்பது, பட்டியல் எடுத்தபோது இருந்த கோப்பு அனுப்பும்போது இல்லை என்பதைத் தெரிவிக்கிறது. அளவெடுக்கும் கருவி மணிக்கொரு முறை தன் கோப்பின் பெயரை மாற்றிக்கொள்ளும் நிலையங்களில் இந்த எண் அடிக்கடி வரும். பெயர் மாறிய கோப்பு அடுத்த முறை ஓட்டும்போது சென்றுவிடும்.